வட்டத்தின் முதல் இடம்

கேளுங்கள், குழந்தைகளே. பக்கத்தில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே மணிமுடியன் என்றோர் அரசன் ஆண்ட காலம். அவனுக்கு ஐந்து வயதில் ஒரே மகன், திருவன். மகனோடு விளையாட, அரண்மனை வேலைக்காரர்களின் பிள்ளைகள் பதினொரு பேர். எல்லோரையும் பார்த்துக்கொள்ள நீலாயி என்ற பெண்.

நீலாயி பிள்ளைகளை வட்டமாக உட்காரவைப்பாள். ஒரு பிள்ளை சுருட்டிய துணியோடு வெளியே சுற்றி ஓடி, யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் போட்டுவிடும். உட்கார்ந்தவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. கையால் தடவித்தான் பார்க்கலாம். ஓடுகிற பிள்ளை ஒரு சுற்று வருவதற்குள் தெரியாமல் இருந்துவிட்டால், நடுவில் போய்க் கூமுட்டையாக உட்காரவேண்டும்.

ஒருநாள் திருவன் நடுவில் உட்கார்ந்தது அரசன் காதுக்குப் போனது. "என் மகன் கூமுட்டையா? வட்டத்தில் எது முதல் இடமோ, அதை அவனுக்குக் கொடுங்கள்" என்றான்.

மூன்று அறிஞர்கள் வந்தார்கள். கிழக்கு பார்த்ததே முதல் இடம் என்றார் சோதிடர். உயர்ந்ததே முதல் இடம் என்று அங்கே ஒரு பீடம் போட்டார் சிற்பி. பாதுகாப்பானதே முதல் இடம் என்று பீடத்துக்குப் பின்னால் மூன்று ஈட்டிக்காரர்களை நிறுத்தினார் படைத்தலைவர். மூவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஈட்டிக்குப் பயந்து எந்தப் பிள்ளையும் திருவன் பக்கம் போகவில்லை. முதல் நாள் அவன் பின்னால் தடவித் தடவிப் பார்த்தான். இரண்டாம் நாள் தடவவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடவில்லை.

"உனக்குப் பிள்ளை பார்க்கத் தெரியவில்லை. நாளைக்குள் அவன் சாப்பிடாவிட்டால் நீ ஊரைவிட்டுப் போ" என்றான் அரசன் நீலாயியிடம்.

"போகிறேன், அரசே. அதற்கு முன் அந்த முதல் இடத்தில் நீங்கள் ஓர் ஆட்டம் உட்கார்ந்து பாருங்கள். நல்ல இடமென்றால் பேசாமல் மூட்டை கட்டுகிறேன்."

அவள் பேசாமல் எதையும் செய்ததாக அரண்மனையில் யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் அரசன் உட்கார்ந்தான். திருவன் தரைக்கு வந்தான்.

குதிரைக்காரன் மகள் சிட்டம்மாவிடம் துணியைக் கொடுத்து, "ஈட்டியைப் பார்க்காதே, கால் இடுக்கைப் பார்" என்றாள் நீலாயி.

சிட்டம்மா ஒரு வீரனின் கால்களுக்கிடையே புகுந்து, அரசனுக்குப் பின்னால் துணியைப் போட்டாள். மூன்று வீரர்களும் அதைப் பார்த்தார்கள். அரசன் முதுகுக்குப் பின்னால் நடப்பதை அவனிடம் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. தடவிப் பார்க்கும் வழக்கம் அரசனுக்கும் இல்லை.

ஒரு சுற்று வந்து அவன் முதுகில் தட்டினாள். "மாமா, நீங்க கூமுட்டை. நடுவுல போங்க."

வீரர்கள் ஈட்டியைப் பார்த்துக்கொண்டார்கள். திருவன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். "போங்கப்பா, போங்க."

அரசன் போனான். சிரித்த சிரிப்பில் திருவன் தன் பின்னால் விழுந்த துணியைக் கவனிக்கவில்லை. அடுத்த சுற்றில் அவனும் நடுவுக்கு வந்து, "கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா" என்றான்.

அன்று மூன்று கரண்டிச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டான். பீடம் குதிரை லாயத்துக்குப் போனது. நீலாயி எங்கும் போகவில்லை.

குழந்தையைத் தோற்கவே விடாமல் காப்பது, அதை ஆட்டத்தில் சேர்க்காமல் விடுவதற்குச் சமம்.