நெட்டைக்காலி சுண்டிய நூல்

அந்தக் காலத்தில், சிலந்திகள் வாய்விட்டுப் பேசி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் விருந்து போய்வந்தபோது, நெட்டைக்காலியும் தொந்தியம்மையும் புளி மூட்டைகள் அடுக்கிய ஒரு கிட்டங்கியின் மூலையில் அடுத்தடுத்து வலை கட்டிக் குடியிருந்தார்கள். நெட்டைக்காலிக்குத் தலைமுடி மாதிரி நீள நீளமான கால்கள். தொந்தியம்மை குட்டை, உருண்டை. இருவருக்கும் சாப்பாடு கொசுவும் ஈயும்தான். சிலந்தியைச் சிலந்தி தின்னும் என்று சொல்லியிருந்தால் அன்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பல்லிகூடச் சிலந்தியை ஏதோ தூசி என்று நினைத்து ஒதுங்கிப் போகும்.

அவர்களிடம் ஒரு வழக்கம். விருந்தாளி அடுத்த வீட்டு வலையின் ஓர நூலை மூன்று முறை சுண்டவேண்டும். வீட்டுக்காரி பல்லை மடக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். பல்லை நீட்டிக்கொண்டு வந்தால் அது பெரிய அவமரியாதை.

அந்த வருஷம் பொல்லாத கோடை. கொசு என்கிற பேச்சே இல்லை. அந்த நேரம் பார்த்து நெட்டைக்காலி முட்டையிட்டாள். அவள் குலத்தில் முட்டைகளை மூட்டையாகக் கட்டி வாயில் கவ்வி வைத்திருப்பார்கள். பொரியும்வரை எதையும் தின்ன முடியாது. மூன்று வாரம் அப்படியே கிடந்தாள். குஞ்சுகள் வெளியே வந்தபோது அவளுக்கு நிற்கவும் தெம்பில்லை.

"நான் செத்துட்டா இதுகளுக்கு யாரு இருக்கா?" என்று புலம்பினாள். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பாவி, எப்படித்தான் வந்ததோ!

பட்டப்பகலில் போய்த் தொந்தியம்மையின் நூலை மூன்று முறை சுண்டினாள்.

"யாரு, மதினியா? இந்தா வந்துட்டேன்! பிள்ளைக பொரிஞ்சிருச்சாமே!"

தொந்தியம்மை பல்லை மடக்கிக்கொண்டு வந்தாள். நெட்டைக்காலி கிட்டேகூடப் போகவில்லை. எட்ட நின்றே பின்னங்காலால் நூலை வீசிச் சுற்றினாள்.

"என்ன மதினி விளையாட்டு இது? மெதுவா! உங்களுக்குன்னு கையில ஒண்ணு வச்சிருக்கேன், நசுங்கிரப் போகுது!" என்று தொந்தியம்மை சிரித்தாள். பசியில் நெட்டைக்காலிக்கு எதுவும் காதில் விழவில்லை. கடித்துவிட்டாள்.

தின்று முடித்தபிறகுதான் நூல்கட்டுக்குள் ஏதோ தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தாள். ஒரு கொசு. அந்தக் கோடையில், பிள்ளை பெற்றவளுக்கென்று தொந்தியம்மை தின்னாமல் வைத்திருந்த முழுக் கொசு.

விட்டத்தில் இருந்த பல்லி வாயைப் பிளந்தது. "அட கடவுளே! சிலந்தியைத் தின்னலாமா? இத்தனை நாள் எனக்குத் தோணாமப் போச்சே!"

ஓட்டுக்கடியில் இருந்த குளவி அதைக் கேட்டது. குளவி போய்க் குருவியிடம் சொன்னது. அதற்குள் பல்லி, குஞ்சுகள் இருந்த பக்கம் திரும்பிவிட்டது.

நெட்டைக்காலி பதறித் தன் வலைக்கு ஓடினாள். உதவிக்குக் கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் ஓடிவருகிறவள் அந்த மூலையில் ஒருத்திதான் இருந்தாள். நெட்டைக்காலிக்குக் குலை நடுங்கியது. அந்த நடுக்கத்தில் வலையே கிடுகிடுவென்று ஆடியது. பல்லியின் கண்ணுக்கு எது வலை, எது சிலந்தி என்று பிடிபடவில்லை. ஓரத்தில் இருந்த நாலு குஞ்சுகளை விழுங்கிவிட்டுப் போயிற்று.

அன்று முதல்தான் நெட்டைக்காலிகள் மற்றச் சிலந்திகளின் நூலைச் சுண்டி வெளியே வரவழைத்துத் தின்கின்றன. பல்லியும் குளவியும் குருவியும் அவற்றைத் தேடி வருகின்றன. யார் கிட்டே போனாலும், நாம் சும்மா ஒரு விரலை நீட்டினாலும்கூட, இன்றுவரை நெட்டைக்காலிகள் உடம்பெல்லாம் நடுங்கி ஆடுகின்றன.