குழாய்க்குப் பதில் ஒரு நூல்

கொல்லிமலை எஸ்டேட் முதலாளி பரமானந்தத்துக்குத் தெரியாத விஷயமே கிடையாது, அவரே சொல்லிக்கொள்வார். அவருடைய ஜீப்புக்குப் புது ஷாக் அப்சார்பர் மாட்டிக்கொண்டிருந்தாள் ஷெட் மெக்கானிக் பூவாயி.

"ஷாக் அப்சார்பர்லருந்து ஆயில் டப்பாவுக்குப் போற குழாய் என்னம்மா ஆட்டுக்குடல் மாதிரி தொங்குது? வெட்டிச் சுருக்கு. முடியாதுன்னா நாளையிலருந்து வேலைக்கு வராதே!"

"ஆகட்டுங்கய்யா. முதல்ல நீங்க சொல்ற நீளத்துக்கு ஒரு நூல் கட்டிப் பார்த்துக்கலாம்."

குழாயின் இரண்டு முனைக்கும் நடுவே நூலைத் தொய்வில்லாமல் கட்டினாள்.

"பார்த்தியா, இதுதான் லட்சணம்!" என்றார் முதலாளி.

பூவாயி ஜாக்கி வைத்து ஜீப்பைத் தூக்கினாள். பள்ளத்தில் இறங்குவதுபோல் சக்கரம் கீழே போனது. நூல் பட்டென்று அறுந்தது. தொங்கிய குழாய் நீண்டு கொடுத்து நின்றது.

"அறுந்தது குழாயா இருந்தா, ஆயில் பூரா கொட்டி ஷாக் அப்சார்பர் செத்துடும்; மலையோட எழுபது கொண்டை ஊசி வளைவும் நீங்க தவளை மாதிரி துள்ளிக்கிட்டேதான் இறங்கணுங்கய்யா. வெட்டட்டுங்களா?"

"தொங்கட்டும்மா," என்றார் முதலாளி, "நல்லாவே தொங்கட்டும்."