பி.டி. மாஸ்டர் கார்டைக் கழற்றிய கதை

இது சிரிப்புக் கதை. ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும். அதுவரை எல்லாரும் வரிசை கலைக்காமல் நிற்கவும். முந்திக்கொண்டு சிரிக்கிறவர்கள் கிரவுண்டைச் சுற்றி ஓட வேண்டியிருக்கும்.

விசில்.

"குருவே, என் கம்ப்யூட்டர் திக்குது" என்றார் ஆதிமூலம்.

குரு வாலிபால் நடுவர் உட்காரும் உயரமான நாற்காலியில் அமர்ந்து, கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

குருவின் பெயர் நித்திலா. பதினோராம் வகுப்பு.

சீடர் ஆதிமூலம் அதே பள்ளியின் பி.டி. மாஸ்டர். சாயங்கால மணி அடிக்கும்வரை அவர் விசிலுக்கு அவள் ஓடுவாள். மணி அடித்த பிறகு அவள் விரலசைவுக்கு அவர் ஓடுவார். கம்ப்யூட்டர் விஷயத்தில் அம்பாசமுத்திரத்தில் அவளை விட்டால் ஆளில்லை என்று பேச்சு.

"எப்பலருந்து சார் திக்குது?"

"ஆயுத பூஜையிலருந்து. அதுவரைக்கும் தண்ணி மாதிரி ஓடிச்சு. இப்ப எதிராளி வாசல்ல நிக்கான். சுடணும்னு நினைக்கேன். படம் அப்படியே நிக்குது. அடுத்துப் பாத்தா நான் செத்துக் கிடக்கேன்."

"விளையாட்டுலயா?"

"விளையாட்டுலதான் குருவே."

அவர் இன்னும் நெருங்கி வந்தார்.

"ஞாயித்துக்கிழம தென்காசிக்காரங்களோட மேட்ச். கேப்டன் நான். அதுக்குள்ள சரியாகலேன்னா எனக்குப் பதிலா என் பொண்டாட்டி தம்பி சுடலைராஜை இறக்கப்போறாங்களாம். டீம்ல பேசி முடிச்சிட்டாங்க."

கழுத்து விசிலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சுடலைராஜ், குருவே! அவனுக்கு ஒழுங்கா ஒரு தண்டால் எடுக்கத் தெரியாது."

குரு மிட்டாயை விழுங்கினாள். பிறகு நாற்காலியில் அப்படியே திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

ஆதிமூலம் காத்திருந்தார்.



"கோவமா குருவே?"

முதுகு குலுங்கியது.

அழுகிறாள் என்று நினைத்தார். தன் துன்பம் குருவையே உருக்கிவிட்டதே என்று அவருக்கும் கண் கலங்கியது.

"தூசி தட்டிப் பாருங்க சார்" என்றது முதுகு.

*

மறுநாள் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்போடு வந்தார்.

"அடிச்சேன் குருவே. வீடு பூரா தூசி. என் வீட்டுக்காரி இன்னும் தும்முதா. கம்ப்யூட்டர் இன்னும் திக்குது."

"உள்ள இருக்கிற ரேம் அட்டையைக் கழட்டி ரப்பரால தேச்சீங்களா?"

"தேய்க்கணுமா?"

"பென்சில் அழிக்கிற ரப்பர். வாசனை ரப்பர்னா இன்னும் விசேஷம்."

அன்று ஆறாம் வகுப்பில் ஒரு பையனின் ஸ்ட்ராபெர்ரி வாசனை ரப்பர் காணாமல் போனது. கம்ப்யூட்டர் மணத்தது. திக்குவது நிற்கவில்லை.

பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். இது குரு சொன்னதல்ல, பக்தி முற்றிப்போய் அவரே செய்தது.

இதோ ஆதிமூலம் களத்தில். ஃபேன் காற்று பின்னாலிருந்து. எதிராளி வாசலில். ஆதிமூலம் குறி வைக்கிறார், குறி வைக்கிறார், இன்னும் குறி வைத்துக்கொண்டே இருக்கிறார்... அவுட்.

"குருவே, டீம்ல எல்லாரும் சுடலைராஜைக் கேப்டன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டானுவ" என்றார் வெள்ளிக்கிழமை. பி.டி. மாஸ்டருக்குரிய நெஞ்சு நிமிர்வு போயே போய்விட்டது.

குருவுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது போலிருந்தது.

"கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கீங்கல்ல?"

"படம் வேகமா வர்றதுக்குன்னே தனியா மாட்டின கார்டு, குருவே. அது இல்லேன்னா நான் இல்ல."

"அதைக் கழட்டி இங்க கொண்டு வாங்க."

"கழட்டிட்டா ஸ்க்ரீன் இருட்டாயிருமே!"

"ஆகணும்" என்றாள் குரு.

ஆதிமூலம் அந்தச் சொல்லை உச்சிமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

*

சனிக்கிழமை. கேளுங்கள் மெய்யன்பர்களே, சீடர் வருகிறார். கையில் தேங்காய்ப்பூத் துண்டு. துண்டுக்குள்ளே பச்சைப்பிள்ளையைப் போலக் கார்டு.

குரு நாற்காலியிலிருந்து குனிந்து பார்த்தாள். கார்டின் ஓரத்துத் தகட்டில், ஸ்க்ரீன் ஒயர் சொருகும் இடத்தில், பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

"பொட்டு அழகா இருக்கு சார். கலையவே இல்ல."

ஆதிமூலம் பூரித்துப்போனார்.

"கல்லுல அரைச்ச சந்தனம் குருவே! பூஜையன்னிக்கு எல்லா ஒயரையும் உருவிட்டு, துடைச்சு, நானே வச்சது. திரும்ப மாட்டுறப்பக்கூட பொட்டு மேல கை படல."

"கை படல."

"ஒயர்கூடப் படல!"

குரு துப்பட்டாவைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

சீடரின் போன் அடித்தது.

"அத்தான், எங்க இருக்கீங்க?"

சுடலைராஜ்.

"நீ எங்கடா இருக்க?"

"உங்க வீட்டுலதான். நாளைக்கு மேட்ச்சுக்கு உங்க கம்ப்யூட்டர்ல பழகிட்டு இருக்கேன்."

"பொய் சொல்லாத. கார்டு என் கையில இருக்கு. ஸ்க்ரீன் இருட்டால்ல இருக்கும்?"

"இருட்டா? பளிச்சுன்னு இருக்கு அத்தான். துப்பாக்கியோட நிக்கேன்."

"எப்படி ஓடுது?"

"எப்பவும் போலத்தான். திக்கித் திக்கி."

ஆதிமூலம் போனைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் சாமி கண்டவரின் களை.

"குருவே! அதிசயம்! கார்டு இங்க இருக்கு. படம் அங்க வருது!"

"ஆமா சார்."

"கார்டே இல்லாம வருது!"

"ஆமா சார்."

"கார்டு இருந்தப்ப எப்படியோ, அப்படியே வருது!"

"ஆமா சார்."

"அப்ப இந்தக் கார்டு இவ்வளவு நாளா..."



துண்டை விலக்கினார். காய்ந்துபோன சந்தனம். ஒரு விரிசல் கிடையாது. நகத்தால் சுரண்டினார். உதிர்ந்தது. உள்ளே, ஸ்க்ரீன் ஒயருக்காகவே வாயைத் திறந்து காத்திருந்தது ஓர் ஓட்டை.

பொட்டு வைத்த இடத்தில் குத்த மனம் வராமல், கம்ப்யூட்டரின் முதுகில் மேலே, கார்டோடு சேராமல் கம்ப்யூட்டருக்கே சொந்தமாக இருந்த இன்னொரு சாதா ஓட்டையில் ஒயரைச் சொருகிய தன் கை அப்போதுதான் அவர் கண்முன் வந்தது.

"அத்தான்? லைன்ல இருக்கீங்களா?"

ஆதிமூலத்தின் நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்தார். போனுக்குள் ஊதினார்.

"சுடலை," என்றார், "என் நாற்காலிய விட்டு எந்திரிடா."