ஒற்றைப் பானை

அந்தக் காலத்தில், கட்டளைகள் எதுவும் எழுதி வைக்கப்படாதிருந்தபோது, ஆடுகள் பேசிக்கொண்டிருந்தன. மனிதர்களைப் போல ஓயாமல் பேசுவதில்லை. பசித்தால் பசிக்கிறது என்று சொல்லும். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லும். பால் கறக்கிறவளின் கை முரடாக இருந்தால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

யூதர்களின் முன்னோர்கள் அப்போது கல்லும் முள்ளுமான மலைநாட்டில் கூடாரம் அடித்து, ஆடு மேய்த்துப் பிழைத்தார்கள். அவர்களில் ஒருத்தி திர்சாள். அவள் புருஷன் யெத்தேர். கெட்டவன் இல்லை, ஆனால் நாலு பேர் முன்னால் தலைகுனிய நேர்ந்தால் செத்தே போய்விடுவான், அந்த ரகம். இருவருக்கும் யாமின் என்று ஒரு கைக்குழந்தை. கூடாரத்தில் சமைக்க இருந்தது ஒரே ஒரு மண்பானை. பால் காய்ச்சவும் அதுதான், கறி வேகவும் அதுதான். அதில் ஏதோ குறை இருப்பதாக அன்று யாருக்கும் தோன்றவில்லை.

முந்தின வருஷம் மழை பொய்த்தது. அந்த வருஷமும் பொய்த்தது. மந்தை பாதியாகி, பாதியும் கால்வாசியாகிவிட்டது. திர்சாளுக்கு மார்பில் பால் வற்றிப்போயிற்று. யாமின் அழத் தெம்பில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான். பெற்றவளுக்கு அதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது?

அப்போது அத்தனை கூடாரத்து மந்தையிலும் மடி வற்றாமல் இருந்தது திர்சாளின் கறுப்பி என்ற வெள்ளாடு ஒன்றுதான். அதுவும் அப்போதுதான் ஒரு குட்டி போட்டிருந்தது. திர்சாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து அது அருகில் வந்தது.

"அடிச்சுக்கிட்டா பால் வந்துடுமா? கொண்டா இப்படி. எனக்கு ரெண்டு காம்பு இருக்கு. ஒண்ணு என் பிள்ளைக்கு, ஒண்ணு உன் பிள்ளைக்கு" என்றது.

திர்சாள் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அழுதது போதும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ" என்றது கறுப்பி. "என் பிள்ளை கிடா. கிடாய்க்குக் கத்தி காத்திருக்குன்னு எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் நேத்துப் பிறந்தவ இல்ல. அந்த நாள் வந்தா அழுது தீர்த்துக்குவேன். ஆனா என் பாலை நான் உசிரு வளர்க்கக் கொடுக்கறேன். அதைக் கொண்டுபோய்ச் சாவோட சேர்த்துடாத."

"என் பிள்ளை மேல சத்தியமா சேர்க்க மாட்டேன்" என்றாள் திர்சாள்.

அதன்பிறகு யாமின் தேறினான். கன்னத்தில் சதை பிடித்தது. கறுப்பி மேயப் போகும்போது குட்டியைக் கூடாரத்தில் விட்டுவிட்டுப் போகும். குழந்தையும் குட்டியும் ஒரே கம்பளியில் ஒன்றின் மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கும். திர்சாள் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

ஆனால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. கீழே பள்ளத்தாக்கில் ஒரு கிணறு இருந்தது. அது வேறொரு கூட்டத்தாருடையது. அவர்கள் அதன் வாயைப் பெரிய கல்லால் மூடி வைத்திருந்தார்கள். அவர்களின் தலைவர் லாதான் வாய் திறந்து சொன்னால்தான் கல் நகரும். யெத்தேர் போய்க் கெஞ்சிக் கெஞ்சி நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

ஒரு நாள் முற்பகலில் அவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். கறுப்பி அதற்குள் பாலைக் கொடுத்துவிட்டு மேயப் போயிருந்தது. பகல் முழுவதும் யாமினுக்கு வேண்டிய பால் பானையில் இருந்தது.

"அடியே, லாதான் வர்றாரு! உன் கூடாரத்துல சாப்பிடறேன்னு சொல்லிட்டாரு. அவர் வயிறு குளிர்ந்தா கிணறு நமக்கும் உண்டு!"

"சாப்பிட என்னங்க இருக்கு நம்மகிட்ட?"

யெத்தேர் கம்பளியைப் பார்த்தான். திர்சாளுக்குப் புரிந்துவிட்டது. மந்தையில் இளங்கறி என்று சொல்ல அந்த ஒரு குட்டிதான் இருந்தது.

"சரி, அதை நெருப்புலயாவது சுட்டுடலாம்" என்றாள் மெல்ல.

"அவருக்கு வாயில ஒரு பல் கிடையாது. சுட்ட கறியை வெச்சு அவமானப்படுத்தப் போறியா? பஞ்சா வேகணும்."

"வேக வைக்கத் தண்ணி? தோற்பையில சொட்டுத் தண்ணி இல்லையே!"

இப்போது யெத்தேர் பானையைப் பார்த்தான்.

"அது யாமினுக்கு" என்றாள் திர்சாள். "அது கறுப்பியோட பால். நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"ஆட்டுக்குப் பண்ணின சத்தியமா பெரிசு? அங்க அத்தனை கூடாரமும் நாக்கு வறண்டு கிடக்கு. பாரு, அந்தா புழுதி கிளம்புது, வந்துட்டாங்க!"

யெத்தேர் கம்பளியிலிருந்து குட்டியைத் தூக்கினான். அது தூக்கக் கலக்கத்தில் கண்ணைத் திறந்து, "அம்மா வந்தாச்சா? பால் குடிக்கவா?" என்று கேட்டது. திர்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யெத்தேர் அதைக் கூடாரத்துக்குப் பின்னால் கொண்டுபோனான்.

கறித்துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பானைக்கு முன்னால் நின்றாள். கறுப்பிக்கும் சேர்த்துத்தானே தண்ணீர் கேட்கிறோம், கிணறு கிடைத்தால் அதுவும்தானே குடிக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். எந்தச் சமாதானமும் மனசில் ஒட்டவில்லை. ஆனாலும் கறியைப் பாலில் போட்டாள்.

வாசனை மட்டும் நன்றாகத்தான் இருந்தது. லாதான் ஈறால் மென்று மென்று சாப்பிட்டு, விரலை நக்கி, தாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்ல. கல்லை நகர்த்துங்கப்பா" என்றார்.

ஆண்கள் தோற்பைகளைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அந்த ஆரவாரத்தில் யாமின் பசித்து எழுந்தான். பால் இல்லை. பானையின் அடியில் ஒட்டியிருந்ததைத் திர்சாள் விரலால் வழித்து அவன் உதட்டில் தடவினாள். அவன் சப்புக்கொட்டினான். சரியாக அப்போதுதான் கறுப்பி மேய்ச்சலிலிருந்து திரும்பி வாசலில் வந்து நின்றது.

அது முதலில் கம்பளியைப் பார்த்தது. பிறகு பானையில் மூக்கை வைத்து மோந்தது. அதில் தன் பிள்ளையின் வாசனையும் இருந்தது, தன் பாலின் வாசனையும் இருந்தது. பிறகு குழந்தையின் வாயை மோந்தது.

"திர்சா, இவனுக்கு என்ன கொடுத்த?"

திர்சாள் குழந்தையின் உதட்டைப் புறங்கையால் துடைத்தாள்.

"என் பிள்ளையைக் கொன்னது கூடத் தாங்கிக்குவேன். அவனை அவனோட பால்லயே வேக வெச்சியா?"

"தண்ணி இல்ல, கறுப்பி. வேற வழி தெரியல. என்னை முட்டு, மிதி, கொல்லு. என் பிள்ளையை மட்டும் கைவிட்டுடாத!" என்று அவள் மண்ணில் விழுந்து அதன் கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

கறுப்பி முட்டவில்லை. எப்போதும் நிற்கிற இடத்தில் போய், எப்போதும் போல நின்றது. திர்சாள் கறந்து பார்த்தாள். ஒரு துளி வரவில்லை. மடி கனமாகத்தான் இருந்தது. மறுபடி தடவினாள், நீவினாள், கெஞ்சினாள்.

"நான் அடக்கி வைக்கல, திர்சா" என்றது கறுப்பி. அதன் குரல் உடைந்துபோயிருந்தது. "கொடுக்கத்தான் பார்க்கறேன். இறங்க மாட்டேங்குது."

அதற்குப் பிறகு அது பேசவில்லை. வாயைத் திறந்தபோது வெறும் கதறல்தான் வந்தது. அடுத்த கூடாரத்து ஆடும் அப்படியே கதறியது, அதற்கடுத்த கூடாரத்து ஆடும் அப்படியே கதறியது. மலையிலும் பள்ளத்தாக்கிலும் ஒரு ஆட்டுக்குக்கூடப் பேச்சு திரும்பவில்லை.

திர்சாள் அன்றைக்கே பானையைக் கல்லில் போட்டு உடைத்தாள். கிணற்றுத் தண்ணீரால் குழந்தையின் வாயைக் கழுவிக் கழுவிவிட்டாள். வாயிலிருந்து கறிவாசனை போய்விட்டால் பால் இறங்கும் என்று ஒரு நப்பாசை. தன் வாயையும் கழுவிக்கொண்டு ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது, இறங்கியது. தொட்டுப் பார்ப்பாள், இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்பாள். இன்னொரு நாள், இன்னும் ஒரு நாள். தண்ணீர் வேண்டிய மட்டும் இருந்தது. யாமின் அவள் மடியிலேயே இறந்துபோனான். கறுப்பி அந்தச் சின்ன உடம்பை நக்கிக்கொடுத்தது.

பின்னாளில் மழை பெய்தது, மற்ற ஆடுகள் ஈன்றன. திர்சாள் இரண்டு பானை வனைந்தாள். கறிப் பானையைக் கூடாரத்தின் ஒரு மூலையிலும் பால் பானையை மறு மூலையிலும் வைத்தாள். கறி தின்ற நாளில் பொழுது சாயும்வரை எந்த ஆட்டின் மடியையும் அவள் தொடுவதில்லை. மற்றப் பெண்கள் அவளிடம் காரணம் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை, பேசாமல் தாங்களும் அப்படியே செய்தார்கள்.

அன்று முதல்தான் யூதர்களின் வீட்டில் பாலுக்கு ஒரு பாத்திரம், கறிக்கு ஒரு பாத்திரம் என்று ஆயிற்று. அன்று முதல்தான் கறி தின்றவர்கள் பால் குடிக்க நேரம் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். நேரம் போனதும் அவர்களுக்குப் பால் கிடைத்துவிடுகிறது. திர்சாளுக்குத்தான் கிடைக்கவில்லை.