கண்ணாடிப் பெட்டியில் ஒரு கை

"இனிமே இதை உருக்க மாட்டேன்மா," என்றார் மாசிலாமணி.

அவர் கையில் இன்னொரு கை இருந்தது. மெழுகுக் கை.

மலையடி மடத்தின் உலகம்மை அம்மாளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. மாசிலாமணி சர்வேயர் வேலையில் ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்த பிறகு அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர். எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர், பிடிவாதத்தை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

அம்மாளுக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் வலது கை விரல்கள் மடங்கியே இருக்கும். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி மாசிலாமணி பாரஃபின் மெழுகில் கொஞ்சம் எண்ணெய் விட்டு உருக்குவார். ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்ப்பார். அம்மாள் கையை அதில் முக்கி எடுப்பார், மறுபடி முக்குவார். தோல்மேல் மெழுகு தடிப்பாகப் படிந்ததும் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆறியதும் பக்குவமாக உருவினால் மெழுகு ஒரு உறை மாதிரி முழுசாகக் கழன்று வரும். அதைத் திரும்பச் சட்டியில் போட்டால் மறுநாளைக்கு ஆகும்.

அதற்கப்புறம்தான் விரல் விரியும். விரல் விரிந்தால்தான் சோறு.

அம்மாள் உபதேசம் என்று எதுவும் செய்வதில்லை. வருகிறவர்களுக்குச் சுடுசோற்றைப் பிசைந்து உருட்டி உள்ளங்கையில் வைப்பார். அவ்வளவுதான்.

"ஏன் உருக்க மாட்டீங்க?" என்று கேட்டார் அம்மாள்.

"உள்பக்கம் பாருங்க. ரேகை தெரியுது. நகம் தெரியுது. இது உங்க கை. இதைக் கொண்டுபோய் அடுப்புல ஏத்தச் சொல்றீங்க."

"அது வலிச்ச கை. விரல் மடங்கியிருக்கு பாருங்க. விரிஞ்ச கை இங்க இருக்கு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா அதை உருக்கிடுங்க."

"மாட்டேன்."

அம்மாள் சிரித்தார். வற்புறுத்தவில்லை. மாசிலாமணிக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து எந்தக் கையும் சட்டிக்குத் திரும்பவில்லை. அவர் அறை அலமாரியில் கைகள் வரிசையாக நின்றன. தினமும் பூ வைத்தார். சட்டியில் மெழுகு இறங்கிக்கொண்டே போனது.

ஜவுளிக்கடை சங்கரபாண்டியன் ஒருநாள் அந்த அலமாரியைப் பார்த்துவிட்டார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதைப் போய் ஒளிச்சு வச்சிருக்கீங்களே," என்றார்.

அடுத்த வாரமே வெல்வெட்டு விரித்த கண்ணாடிப் பெட்டி வந்து இறங்கியது. இருப்பதில் நல்ல கையாக ஒன்றை எடுத்து அதில் வைத்தார்கள். மாலை போட்டார்கள், விளக்கு ஏற்றினார்கள். அம்மாள் ஒரு ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

மறுநாள் காலை சட்டியில் கையை விட்டார். விரல் நுனிதான் நனைந்தது.

"மெழுகு எங்க?"

"புதுசு வாங்க மறந்துட்டேன்மா. பெட்டி வந்த பரபரப்புல..."

"சரி," என்றார் அம்மாள்.

வெளியே வரிசை நின்றது. அண்டாவில் சோறு ஆவி பறந்தது. அம்மாள் ஒரு பிடி அள்ளப் பார்த்தார். விரல் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார். சோறு சிந்தியது.

"நான் கரண்டியால போட்டுடறேன்மா," என்றார் மாசிலாமணி.

"எதுக்கு? அதான் கை இருக்கே. பெட்டியைத் திறங்க."

சங்கரபாண்டியன் பதறிப்போனார். "அம்மா, அது பூஜையில வச்ச கை."

"கைதானே. குடுக்கட்டும்."

"அம்மா..."

"ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னவர் இங்கதான் நிக்கார். சோத்தை அதுல வைங்க."

மாசிலாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை. வீம்புக்குப் பெட்டியைத் திறந்தார். மெழுகுக் கையை மல்லாத்தி, ஒரு பிடி சுடுசோற்றை அதில் வைத்தார்.

வரிசையில் முதல் ஆள் பேச்சியம்மாள். கல் குவாரிக்கு வேலைக்குப் போகிறவள். தலையில் சும்மாடு, காலையிலிருந்து வெறும் வயிறு. இரண்டு கையையும் குவித்து நீட்டினாள்.

மெழுகு விரல்கள் மெல்லச் சாய்ந்தன. உள்ளங்கை குழைந்து கிழிந்தது. சோறு வெல்வெட்டில் விழுந்தது.



பேச்சியம்மாள் கீழே கிடந்த சோற்றைப் பார்த்தாள். பிறகு அம்மாளின் கையைப் பார்த்தாள்.

"வலிக்காம்மா?" என்று கேட்டாள்.

"வலிக்கு தாயி."

மாசிலாமணி அந்தக் கேள்வியை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அவருக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அறைக்குள் போனார். அலமாரியில் இருந்த கைகளையெல்லாம் வேட்டியில் வாரிக் கட்டிக்கொண்டு வந்தார். பெட்டியில் இருந்ததையும் எடுத்து, சோற்றைத் துடைத்து, மூட்டையில் போட்டார்.

சங்கரபாண்டியன் குறுக்கே வந்தார். "யோவ், அது நான் வாங்கிவச்ச பெட்டி."

"பெட்டியை நீங்க எடுத்துட்டுப் போங்க. கையை நான் எடுத்துக்கறேன்."

"சாமி காரியத்துல விளையாடாதீங்க. ஊரே கும்பிட்ட கை அது."

"வழிவிடுங்க."

மூட்டை சட்டிக்குள் கவிழ்ந்தது. கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொஞ்ச நேரம் கிடந்தன. அப்புறம் மெழுகாகிவிட்டன.

"உனக்கு நேரமாகலையா?" என்று அம்மாள் பேச்சியம்மாளைக் கேட்டார். "குவாரியில ஏசுவாங்களே."

"ஏசினா ஏசட்டும். நான் இந்தக் கையில வாங்கித் தின்னுட்டுத்தான் போவேன்."

அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் நகரவில்லை.

மாசிலாமணி சட்டியை இறக்கி ஆறவைத்து, தூக்கிக்கொண்டு வந்தார். சங்கரபாண்டியன் விடாமல் பின்னாலேயே வந்தார்.

"எல்லாத்தையும் உருக்கிட்டீரே. நாளைக்கு அம்மா இல்லாமப் போனா நமக்குன்னு என்னய்யா மிச்சம் இருக்கும்?"

மாசிலாமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சொட்டை எடுத்துத் தன் மணிக்கட்டில் விட்டார். சற்றுப் பொறுத்தார்.

"சூடு சரியா இருக்கும்மா," என்றார். "கையைக் குடுங்க."