பதினோரு நாள் துடைத்த லாரி

"ஏனுங் அம்மணி, புது வண்டிக்கு செராமிக் கோட்டிங் அடிக்கலாமுங்களா, வேண்டாமுங்களா?"

கேட்டவர் செங்கோடன். ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டியவர். இப்போதுதான் சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தார்.

பதில் சொல்ல வேண்டியவள் பாவாயி. சங்ககிரி பைபாஸில் லாரி கழுவும் வாட்டர் சர்வீஸ் வைத்திருப்பவள். அவரைவிடப் பத்து வயது இளையவள். பம்பு ஓடும் சத்தத்தில் பாதிக் கேள்வி அவள் காதில் விழாது. விழுந்த பாதிக்கும் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டாள். அதனாலேயே அவளிடம் பெரிய ஞானம் இருப்பதாக டிரைவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை அப்படியொன்றும் வீண் போனதில்லை.

பாவாயி பம்பை நிறுத்தினாள்.

"வண்டி எங்கீங்ண்ணா?"

"ஷெட்டுல நிக்குதுங். தார்ப்பாய் போத்தி வெச்சிருக்கேன்."

"எத்தன நாளா?"

"பதினோரு நாளுங்."

"லோடு?"

"கோட்டிங் அடிக்காம எப்படிங் லோடு ஏத்தறது? ரோட்டுல போனா ஒரே நாள்ல கீறல் விழுந்துருமே. கோட்டிங் அடிக்கறவரு இன்னும் பத்து நாள் ஆகும்ங்கறாரு. கண்ணாடி மாதிரி ஒரு பூச்சாம். தூசி ஒட்டாதாம். எங்கூட்டுக்காரி, லாரிக்கு எதுக்கு பவுடர் பூச்சுன்னு சிரிக்கறா."

பாவாயி ஹோஸைச் சுருட்டி வைத்தாள்.

"சேகோ பேக்டரி மேனேஜரு இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள முடிவு சொல்லுங்கறாரு. வாராவாரம் பூனாவுக்கு ஜவ்வரிசி லோடு. வருஷம் பூரா. இல்லீன்னா வேற வண்டிக்குக் குடுத்துருவாரு."

"சொல்லீட்டீங்களா?"

"இல்லீங்."

தோளில் கிடந்த துண்டை, வண்டியைத் துடைக்கிற துண்டுதான், இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஊரான் வண்டிய ஓட்டுனப்ப கீறல் விழுந்தாலும் படுத்தாத் தூங்கிருவேன் அம்மணி. இது என்ற வண்டி. தூக்கமே வர மாட்டேங்குது."

பாவாயி கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வண்டியக் கொண்டாங்க. வரும்போது தொடைக்காமக் கொண்டாங்க."

ஒரு மணி நேரத்தில் லாரி வந்தது. கருநீலக் கேபின். மனிதர் துடைத்துத்தான் கொண்டுவந்திருந்தார். கை சும்மா இருக்குமா? தோளில் அதே துண்டு.

"தொடைச்சீங்களா?"

"லேசாத்தானுங்."

"நாளைக்கு எத்தன தடவ தொடைப்பீங்க?"

"ரெண்டு. காத்தடிச்சா மூணு."

பாவாயி கேபினில் நிறையத் தண்ணீர் அடித்தாள். நீர் வடிந்து காயும்வரை காத்திருந்தாள். பிறகு லாரியை மேற்கே பார்த்துத் திருப்பி நிறுத்தச் சொன்னாள். சாயங்கால வெயில் கேபின் மேல் நேராக விழுந்தது.

"இங்க வந்து, பக்கவாட்டுல நின்னு பாருங்க."

செங்கோடன் பார்த்தார்.

கருநீலம் முழுக்க மெல்லிய கோடுகள். மயிரிழை மயிரிழையாக, வட்டம் வட்டமாக. கதவில், நெற்றியில், கைப்பிடியைச் சுற்றி. கணக்கே இல்லை.

ஒரு கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"கம்பெனியிலேயே இப்படித்தான் குடுத்தாங்களோ?"

பாவாயி கையை நீட்டினாள். அவருக்குப் புரியவில்லை. அவளே அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து, அவர் உள்ளங்கைக்கு மேல் பிடித்து உதறினாள்.

உள்ளங்கையில் பொடி மணல் விழுந்தது.

செங்கோடன் மணலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடி மணலைப் பார்த்தார். கட்டை விரலால் அதைத் தேய்த்தார். நறநறத்தது.

"நானா?"

பாவாயி துண்டை மடித்து அவர் தோளில் போட்டாள்.

"கீறல் விழக் கூடாதுன்னுதானே அம்மணி நான்..."

லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுகை வரும் போலிருந்தது. வந்தது என்னவோ சிரிப்புதான். பதினோரு நாளில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. அது ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

"சரி, இப்பவாச்சும் சொல்லுங்க. கோட்டிங் நல்லதா, கெட்டதா?"

"நல்ல சாமானுங்ண்ணா. பளபளப்பு நிக்கும். தண்ணி அடிச்சா மண்ணு வழிஞ்சு ஓடிரும். எனக்கும் வேல மிச்சம்."

"கீறல் விழாதுங்களா?"

"ஜல்லி தெறிச்சா விழும். முள்ளு உரசுனா விழும். இந்தத் துண்டுல தொடைச்சா அப்பறமும் விழும்."

"அப்ப அடிக்கறதா, வேண்டாமா?"

பாவாயி கேபின் கதவைத் திறந்தாள். டிரைவர் சீட்டில் கம்பெனி போட்டனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது. அதன் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"ஐயையோ!" என்றார் செங்கோடன்.

"ஏறி உக்காருங்க."

ஏறி உட்கார்ந்தார். துணி சீட்டு மெத்தென்றிருந்தது. வாங்கிய நாளிலிருந்து அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் வியர்த்து வழுக்கிக்கொண்டுதான் அவர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தார்.

கீழே பாவாயி நான்கு எலுமிச்சம்பழங்களைச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். சந்தனம் பட்டால் கறை பிடிக்கும் என்று பூஜையைக்கூட அவர் கோட்டிங்குக்கு அப்புறம் என்று தள்ளிப்போட்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? நெற்றியில் பொட்டில்லாத புது லாரியைப் பார்த்தால் சங்ககிரியில் யாருக்கும் தெரியும்.

அவள் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து எடுத்துவந்தாள். கேபினின் நெற்றியில் மூன்று பொட்டு வைத்தாள். சந்தனம் கொஞ்சம் முன்கண்ணாடியில் வழிந்தது. செங்கோடனின் கை தானாகத் துண்டுக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

துண்டுக்குப் பதிலாகச் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்தார்.

"மேனேஜர் சாருங்களா? செங்கோடன் பேசறேனுங். காலையில எத்தன மணிக்கு வரட்டும்?"

பழங்கள் நான்கும் நசுங்கின. லாரி பைபாஸில் ஏறியது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மழை நாள் காலையில் அந்த லாரி மறுபடி வாட்டர் சர்வீஸ் வாசலில் வந்து நின்றது. சக்கரம் முதல் கண்ணாடி வரை செம்மண் சேறு. நெற்றியில் ஜல்லி தெறித்த வடு ஒன்று, மிளகு அளவுக்கு.

செங்கோடன் கீழே குதித்தார்.

"வெரசாக் கழுவி உடுங் அம்மணி. பத்து மணிக்கு லோடு. இதப் பாத்தீங்களா, சோலாப்பூர்கிட்ட வாங்குனது. முன்னால போன டிப்பர்காரன் பண்ணுன வேல. நானும் விடலியே, அவனத் தாண்டித்தான் வந்தேன்!"

பாவாயி ஹோஸைக் கையில் எடுத்தாள்.

"கோட்டிங் என்னாச்சுங்ண்ணா?"

செங்கோடன் ஒரு நிமிடம் யோசித்தார்.

"எந்தக் கோட்டிங்குங்?"

பாவாயி பம்பைப் போட்டாள்.