படத்தில் இல்லாத ஞானப்பூ

ஆராதனை முடிந்ததும் ஜெபசிங் ஐயர் நேரே எமிலி டீச்சர் வீட்டுக்கு நடந்தார். ஊர் சபைக்கே அவர் போதகர். டீச்சருக்கு மட்டும் இன்னும் சண்டே கிளாஸ் பையன்தான்.

"என்னல, முகம் தொங்கிப் போயிருக்கு?"

"திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைங்களுக்கு உடம்பைப் பத்தி, பருவ வயசைப் பத்தி ஒரு நர்ஸம்மாவ வச்சுச் சொல்லிக்கொடுக்கணும்னேன். கமிட்டி குதிக்குது டீச்சர். கோயிலுக்குள்ள இந்தப் பேச்சே கூடாதாம். விட்டுரட்டுமா?"

டீச்சர் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி வரச் சொன்னார்.

நாற்பது வருஷத்துக்கு முன், முதல் நற்கருணை வாங்கத் தகுதி பெற்ற திடப்படுத்தல் நாளில் எடுத்த படம். பார்த்ததும் ஐயருக்குக் கவலை பறந்தே போனது. தொளதொளவென்று அண்ணனுடைய வெள்ளைச் சட்டை. கண் சிமிட்டாதே என்று கத்திய போட்டோக்காரர். முடிந்ததும் கிடைத்த பன்னும் காப்பியும். அந்த நாள் திரும்ப வராதா என்று ஏக்கமாகவே இருந்தது.

"எண்ணிப் பாரு."

"பதினாறு பேர்."

"வகுப்புல?"

"பதினேழு. ஞானப்பூ வரல. காய்ச்சல்னு நீங்கதான சொன்னீங்க?"

"பொய் சொன்னேன். அன்னைக்குக் காலையிலதான் அவ பெரிய மனுசி ஆனா."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்.

"முந்தின வாரம் பத்துக் கட்டளையில 'விபசாரம் செய்யாதிருப்பாயாக'ங்கறத நடத்துனேன். அப்படின்னா என்னன்னு விளக்க எனக்கு வெக்கம். தப்பு பண்ணுனா உடம்பே காட்டிக்கொடுத்துரும்னு மட்டும் மிரட்டி வச்சேன். ரத்தத்தைப் பார்த்ததும் தண்டனை வந்துட்டுன்னு பிள்ள நடுங்கிட்டா."

"அவ என்ன தப்பு பண்ணுனா டீச்சர்?"

"நீ கடிச்சுக் கொடுத்த கொய்யாவத் தின்னாளாம்."

ஐயருக்குக் கோயிலுக்குப் பின்னால் நின்ற கொய்யா மரமும், அந்தப் பாதிப் பழமும், அவள் சிரித்த சிரிப்பும் அப்படியே நினைவிருந்தன. இத்தனை வருஷம் அதை அவர் ஆசையாக நினைத்துப் பார்த்து வந்திருக்கிறார்.

"அவ அம்மா வந்து அழுதா. ஓடிப்போய், இது பாவம் இல்லட்டின்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். வெக்கம் விடல. கல்யாணமாகி ஊரை விட்டுப் போற வரைக்கும் அவ நற்கருணைக்கு முழங்கால் போடவே இல்லல."

ஐயர் மெல்லக் கேட்டார்.

"அப்போ வகுப்ப நடத்துதேன். கோயிலுக்குப் பின்னால இருக்க பள்ளிக்கூடத்துல, கதவைச் சாத்திட்டு வச்சுக்கிடட்டுமா? கமிட்டியும் சமாதானமாயிரும்."

"நான் அவள எந்த எடத்துல வச்சு மிரட்டுனேன்?"

"கோயில்ல. பீடத்துக்கு முன்னால, பாய்ல உக்கார வச்சு."

"அங்கேயே பாய விரி."